மல்டிடூல் மக்கர் பண்ணினால் எங்கே ஆரம்பிப்பது?

சேலத்தில் விசைத்தறிக் கூடங்களுக்கும், மேலே ஏற்காட்டில் காபித் தோட்டங்களுக்கும் மோட்டார், பம்பு, பல்பர் (காபிப் பழத்தின் தோலுரிக்கும் மெஷின்) வேலைக்குப் போய்வருகிறவன் நான். வந்த வேலை முடிந்து கை கழுவும் நேரத்தில் யாராவது ஒருவர் பாக்கெட்டிலிருந்து மல்டிடூலை, அதாவது பிளையர், கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒன்றாக மடங்கும் கருவியை, எடுத்து நீட்டுவார். "அண்ணா, இதையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போயிருங்க." லெதர்மேன், விக்டோரினாக்ஸ், கெர்பர், பெயரே இல்லாமல் ஆன்லைனில் வந்தது என்று ரகம் பல. கோளாறுகள் மட்டும் திரும்பத் திரும்ப அதேதான்.

பெரும்பாலானவை உடைந்து வருவதில்லை. அழுக்கேறி, தப்பான எண்ணெய் குடித்து வருகின்றன. நிஜமாகவே உடைந்து வருபவை ஸ்பேனர் வேலையோ உளி வேலையோ பார்த்தவை. அதனால் எந்த அறிகுறியானாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் கழுவல், அப்புறம் எண்ணெய், அதற்கும் மசியாவிட்டால்தான் ஸ்க்ரூ. ஸ்க்ரூவில் கைவைக்கும் முன் பில்லைத் தேடுங்கள். லெதர்மேனுக்கு 25 ஆண்டு உத்தரவாதம். விக்டோரினாக்ஸ் பாக்கெட் கத்திகளுக்குப் பொருளிலோ தயாரிப்பிலோ குறை இருந்தால் ஆயுள் முழுக்க உத்தரவாதம். தேய்மானத்தையும் தவறான உபயோகத்தையும் இரண்டு பேருமே ஏற்பதில்லை. நீங்களே பிரித்துப் பூட்டியது தெரிந்தால் பேச்சு இன்னும் சிக்கலாகும்.

கையில் இருக்க வேண்டியவை: பழைய பல் பிரஷ், மரப் பல்குச்சி, பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பனியன் துணி, தையல் மெஷின் எண்ணெய். இந்த எண்ணெய் அம்மாபேட்டையில் எந்தத் தறி சாமான் கடையிலும் கிடைக்கும். அதே கத்தியில் பழமும் நறுக்குகிறவர்கள் மெடிக்கலில் லிக்விட் பாரஃபின் வாங்கிக்கொள்ளுங்கள்.

## திறக்கவே கஷ்டமாக இருக்கிறது

முதல் கேள்வி: எல்லாமே இறுக்கமா, ஒன்றே ஒன்று மட்டுமா?

### எல்லாமே இறுக்கம் என்றால்

மூட்டில் என்ன புகுந்திருக்கிறது என்று பாருங்கள். டார்ச் வெளிச்சத்தில் கைப்பிடியின் உள்பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எதைக் கொண்டு சுத்தம் செய்வது என்பது புகுந்த பொருளைப் பொறுத்தது. எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதால்தான் பாதிப் பேருக்குச் சரியாவதில்லை.

பஞ்சுத் தூசு: தறிக்கூடத்தில் வேலை செய்பவர்களுடையதில் இதுதான். பாக்கெட் துணி நூலும் இதே வகை. எண்ணெயோடு சேர்ந்து கம்பளி மாதிரி கெட்டியாகிக் கிடக்கும். தண்ணீர் விடும் முன்பே பல்குச்சியால் கிளறி உருண்டையாக வெளியே எடுத்துவிடுங்கள். முதலில் நனைத்தால் இன்னும் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும்.

பலாப்பால்: ஏற்காட்டில் ஆனி, ஆடியில் வருவதெல்லாம் இந்தக் கேஸ். வெளியே பார்த்தால் கத்தி பளபளவென்று இருக்கும், மூட்டு மட்டும் சிமென்ட் போட்டது போல நிற்கும். சோப்பும் தண்ணீரும் இதை ஒன்றும் செய்யாது. பலாப்பழம் அறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவுகிறோமே, அதே கணக்குதான். சமையல் எண்ணெய் நாலு சொட்டு மூட்டில் விட்டு அரை மணி நேரம் வையுங்கள். பிறகு மெதுவாகத் திறந்து மூடினால் பால் கறுப்பு இழையாக வெளியே வரும். துடையுங்கள், மறுபடி எண்ணெய், மறுபடி துடைப்பு. இழை வருவது நின்றபின் சோப்புப் போட்டுச் சமையல் எண்ணெயையும் முழுக்கக் கழுவிவிட வேண்டும். அதை உள்ளே விட்டால் அதுவே அடுத்த பிசின். சீக்கிரம் முடியட்டும் என்று தின்னரில் ஊறப்போடாதீர்கள். பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள சுவிஸ் கத்தி என்றால் கைப்பிடி இளகி மங்கிப்போகும்.

மரவள்ளி மாவு: ஜவ்வரிசி ஆலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கொதிக்கிற தண்ணீரில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் மாவு கஞ்சியாகி, காய்ந்ததும் பசையாகிவிடும். பச்சைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அதிலேயே திறந்து மூடிக் கரைத்து எடுங்கள்.

மணல், எம்சாண்ட் தூசு: திறக்கும்போது நறநறவென்று சத்தம் வரும். இதன்மேல் எண்ணெய் விட்டால் மூட்டை நீங்களே அரைக்கிறீர்கள் என்று அர்த்தம். குழாயடியில் ஓடுகிற தண்ணீரில் பிடித்து, சத்தம் நிற்கும்வரை திறந்து மூடிவிட்டுத்தான் எண்ணெய்.

சாதாரண அழுக்கென்றால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும். தண்ணீருக்குள் வைத்தே ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து தடவை திறந்து மூடுங்கள், பிரஷால் தேயுங்கள், அலசுங்கள். பிறகு எல்லாக் கருவிகளையும் பாதி விரித்து வெயிலில் வையுங்கள், அல்லது ஹேர் டிரையரில் காட்டுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரே சொட்டு எண்ணெய். விட்டபின் திறந்து மூடி, வெளியே வழிவதைத் துடைத்துவிட வேண்டும். நிறைய விட்டால் நிறைய தூசு ஒட்டும், அவ்வளவுதான்.

### குளிரில் மட்டும் இறுகுகிறது என்றால்

சேலத்தில் நன்றாகத் திறக்கும், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போனதும் காலையில் திறக்காது. உடனே கேட்பேன்: "தேங்காய் எண்ணெய் விட்டீங்களா?" ஆமாம் என்பார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழியில் ஏற்காட்டில் பாட்டிலிலேயே வெள்ளையாக நிற்கிற எண்ணெய் மூட்டுக்குள் மட்டும் ஓடுமா? உறையாத ஊரில்கூட நாளானால் சிக்கெடுத்துப் பிசுபிசுக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய்க்கு மாறுங்கள். கோளாறு அன்றோடு போகும்.

டபிள்யூடி-40 ஸ்பிரே பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். ஈரத்தை விரட்டவும் இறுகியதைத் தளர்த்தவும் அது நல்லது. நிரந்தர எண்ணெயாக அதை நம்பாதீர்கள். அடித்து, துடைத்து, பிறகு சரியான எண்ணெய் விடுங்கள்.

### ஒன்றே ஒன்று மட்டும் இறுக்கம் என்றால்

அந்தக் கருவியை நேராகக் கண்ணுக்கு முன் பிடித்து முதுகு வழியாகப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து பக்கத்துக் கருவியை உரசுகிறதா? உரசிய இடத்தில் பளபளப்பான கோடு விழுந்திருக்கும். பெயின்ட் டப்பா மூடியை நெம்பியதில் வளைந்திருக்கும். நிமிர்த்தப் பார்க்க வேண்டாம். கடினப்படுத்திய எஃகு, நிமிர்வதற்குப் பதில் டப்பென்று உடையும். துண்டு பறக்கிற திசை கண்ணாகவும் இருக்கலாம். வளையவில்லை, உரசவில்லை, கழுவியும் இறுக்கம் போகவில்லை என்றால் மூட்டு ஸ்க்ரூவை எட்டில் ஒரு பங்கு சுற்று தளர்த்திப் பாருங்கள். ரிவிட் அடித்த மாடல் என்றால் இதோடு நிறுத்திக்கொண்டு சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

## ஒன்றை இழுத்தால் மூன்று சேர்ந்து வருகிறது

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் டப்பா திறப்பானும் அரமும் கூடவே எழுந்து வரும். சில பழைய மாடல்கள் புதிதிலேயே இப்படித்தான், அது கோளாறு அல்ல. முன்பு தனியாக வந்தது இப்போது கூட்டமாக வருகிறது என்றால் நடுவில் இருக்கும் மெல்லிய வாஷர்களில் பிசுக்கு. மேலே சொன்ன கழுவல் போதும். கழுவியும் மாறாவிட்டால் அப்படியே விடுங்கள். இதற்காகப் பிரித்து வாஷர் ஒன்றைத் தொலைத்தவர்கள்தான் அதிகம்.

## பிளையர் லொடலொடவென்று ஆடுகிறது

எந்த இடத்தில் ஆட்டம் என்று முதலில் பிரித்தறியுங்கள். பிளையர் தலையை ஒரு கையில் இறுகப் பிடித்து, கைப்பிடி ஒன்றை மட்டும் மேலும் கீழும் அசையுங்கள். தலை அசையாமல் கைப்பிடி மட்டும் ஆடினால் கைப்பிடி மூட்டு. இரண்டு தாடையும் ஒன்றுக்கொன்று பக்கவாட்டில் ஆடினால் தலையின் நடு மூட்டு.

### கைப்பிடி மூட்டில் ஆட்டம்

இதுதான் சகஜம், செலவும் குறைவு. ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். ஆறு முனை நட்சத்திரத் தலை (டார்க்ஸ்) ஸ்க்ரூவாக இருந்தால் அதற்கான பிட் மொபைல் சர்வீஸ் கடைகளில் இருக்கும். ஸ்க்ரூவின் நடுவில் சின்ன ஊசி நிற்கிறதா பாருங்கள். நின்றால் நடுவில் துளையுள்ள பிட் என்று கேட்டு வாங்குங்கள். சாதா பிட்டைச் சுத்தியால் தட்டி இறக்கினால் ஸ்க்ரூத் தலை வழவழத்துப் போகும், அதோடு அந்த வழி அடைபட்டது.

சில மூட்டுகளில் இந்தப் பக்கம் திருகினால் அந்தப் பக்கத்து நட்டும் கூடவே சுற்றும். இரண்டு பக்கமும் இரண்டு பிட் வைத்துப் பிடிக்க வேண்டும். எட்டில் ஒரு சுற்று இறுக்குங்கள், திறந்து மூடிப் பாருங்கள், தேவைப்பட்டால் மறுபடி எட்டில் ஒன்று. ஆட்டம் நின்று, கை நோகாமல் திறக்கிற இடம் ஒன்று கிடைக்கும். அங்கே நிறுத்துங்கள்.

இரண்டு வாரத்தில் மறுபடி தளர்கிறது என்றால் ஸ்க்ரூவை முழுக்கக் கழற்றி, மரையில் இருக்கும் எண்ணெயைத் துடைத்து, நீல நிறத் த்ரெட் லாக் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி மட்டும். பேரிங் கடையிலும் பைக் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். கடைக்காரர் சிவப்பை எடுத்து நீட்டி "இது இன்னும் ஸ்ட்ராங்குங்க" என்பார். வேண்டாம். சிவப்பைக் கழற்ற வேண்டுமானால் சூடு காட்ட வேண்டும், அந்தச் சூட்டில் பக்கத்துப் பிளேடின் கடினம் போய்விடும். துளி மூட்டுக்குள் வழிந்தால் மூட்டே இறுகிவிடும், அதனால் மரையின் நுனியில் மட்டும் வையுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

### தலையின் நடு மூட்டில் ஆட்டம்

பெரும்பாலும் ரிவிட். மெல்லிய ஆட்டம் என்றால் வேலைக்கு ஒன்றும் பாதகமில்லை, விட்டுவிடலாம். அதிக ஆட்டம் என்றால், பில் இருப்பவர்கள் உத்தரவாதத்தில் அனுப்புங்கள். பில்லில்லாத மலிவு மாடல் என்றால் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தெரிந்த கொலுசுப் பட்டறைக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். சின்ன ரிவிட்டை அடைகல்லில் வைத்து உருண்டைத் தலைச் சுத்தியால் பூப்போல நாலு தட்டு தட்டுவதில் அவர்கள் கைக்கு ஈடில்லை. வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு போகாதீர்கள். ஒரு பொட்டு வெல்டிங் வைத்தால் அது பிளையர் இல்லை, இரும்புத் துண்டு.

## பிளையரின் முனை ஒன்றோடொன்று சேரவில்லை

மூடிப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள். முனை தொட்டு, பின்னால் கொஞ்சம் இடைவெளி தெரிந்தால் அது வடிவமைப்பே. முனையில் இடைவெளி, அல்லது ஒரு தாடை மற்றதைத் தாண்டிப் பக்கவாட்டில் விலகி நிற்கிறது என்றால்தான் கோளாறு. ஒரு துண்டுச் செய்தித்தாளை முனையில் கவ்வி இழுங்கள். வழுக்காமல் கிழிந்தால் பிடிமானம் போதும், மனதைப் போட்டு உழப்ப வேண்டாம்.

காரணங்களை எளியதிலிருந்து பார்த்தால்: பற்களுக்கு நடுவே செம்புத் துணுக்கோ சாலிடர் பொட்டோ ஒட்டியிருக்கும், ஊசியால் கிளறி எடுங்கள். அடுத்தது நடு மூட்டின் ஆட்டம், அதை மேலே பார்த்தோம். மூன்றாவது, தாடையே முறுகியது. பம்பு வால்வு நட்டைப் பிடித்து முறுக்கியிருப்பார்கள், அது நகராதபோது கைப்பிடியில் பைப்பைச் சொருகி நெம்பியிருப்பார்கள். மல்டிடூலின் கைப்பிடி தகட்டை மடித்துச் செய்தது. பைப் நீளத்தின் பலத்தைத் தாங்க அதில் எஃகு இல்லை. முறுகிய தாடைக்கு வைத்தியம் கிடையாது. மற்றக் கருவிகள் நன்றாக இருந்தால் அவற்றுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

## கம்பி வெட்டும் இடத்தில் பல் விழுந்திருக்கிறது

வெட்டுவாயை மூடி வெளிச்சத்தில் பார்த்தால் அரைவட்டமாக ஒளி தெரியும். அந்தத் துளை எப்படிப்பட்டது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

விளிம்பு உருகினது போல வழவழப்பாக, சுற்றிலும் கருகியிருந்தால் மின்சாரம். கரண்ட் ஓடுகிற வயரை வெட்டியிருக்கிறீர்கள். கருவி போனது பெரிதல்ல. மல்டிடூலின் கைப்பிடி முழுக்க இரும்பு, 230 வோல்ட்டுக்கு அதில் எந்தத் தடுப்பும் இல்லை. கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டு வேலை செய்கிறேன் என்று சொல்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை, எலக்ட்ரீஷியன் நம்பரைக் கொடுத்துவிடுவேன்.

விளிம்பு கூராக, துண்டு பெயர்ந்தது போல இருந்தால் கடினமான கம்பி. பைக் கிளட்ச் கேபிளின் உள்கம்பி, ஸ்பிரிங், சில வகை முள்கம்பி. வெட்டும் முன் ஒரு சோதனை: கம்பியைக் கையால் வளையுங்கள். வளைத்த இடத்திலேயே நின்றால் தாராளமாக வெட்டலாம். கட்டுக்கம்பி அப்படித்தான் நிற்கும். விட்டதும் விசுக்கென்று நிமிர்ந்தால் வெட்டாதீர்கள், மெக்கானிக் கடையில் கேபிள் கட்டர் இருக்கும்.

சின்னப் பல் என்றால் அதைத் தவிர்த்து வாயின் வேறு இடத்தில் வைத்து வெட்டலாம். லெதர்மேன் வேவ் பிளஸ் போன்ற சில மாடல்களில் வெட்டுவாய் தனித் துண்டாக ஸ்க்ரூ போட்டு வருகிறது, மாற்றிக்கொள்ளலாம். வாங்கப் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். பத்துப் பதினைந்து கருவி இருப்பதைவிட இந்த ஒன்று மேல் என்பது என் கட்சி.

## துரு பிடிக்கிறது

"ஸ்டெயின்லெஸ்தானேங்க, எப்படித் துரு பிடிக்கும்?" 1980களின் தொடக்கத்திலிருந்து உருக்காலையில் ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டுகிற ஊரில் இந்தக் கேள்வி வருவது நியாயம்தான். வீட்டில் ஒரு காந்தம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்படி டம்ளரில் பெரும்பாலும் ஒட்டாது, கத்தியில் பச்சென்று ஒட்டும். நல்ல ரக டம்ளரில் 18 சதவீதம் குரோமியமும் கூடவே நிக்கலும் உண்டு. மல்டிடூல் பிளேடுகளில் அதிகம் புழங்கும் 420எச்சி போன்ற எஃகில் குரோமியம் 13 சதவீதம் சுமார், கார்பன் கூடுதல். கூர் நிற்பதற்காக அப்படி. கூர் நிற்கும், ஆனால் கவனிக்காவிட்டால் துருவும் பிடிக்கும்.

### பழுப்புப் புள்ளி, நகத்தால் சுரண்டினால் வழவழப்பு

மேல்துரு. எண்ணெய் தொட்டு நைலான் ஸ்க்ரப்பரால் பிளேடின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள், போய்விடும். வட்டமாகத் தேய்த்தால் கீறல் அசிங்கமாகத் தெரியும். கறுப்புப் பூச்சு உள்ள மாடல் என்றால் ஸ்க்ரப்பர் வேண்டாம், துணியில் கொஞ்சம் பல்பசை போதும்.

### சுரண்டினால் குழி தட்டுகிறது

உள்ளே இறங்கிவிட்டது. பிளேடு முதுகிலோ பக்கத்திலோ என்றால் எண்ணெய் தடவிக்கொண்டு காலம் தள்ளலாம். கூர் விளிம்பிலோ மூட்டைச் சுற்றியோ என்றால் அது வளரும். சர்வீஸில் பிளேடு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

### தேய்த்த அடுத்த வாரமே மறுபடி

அப்படியானால் கோளாறு கருவியில் இல்லை, வைக்கும் இடத்தில். தோல் உறையைப் பாருங்கள். மழையில் நனைந்த தோல் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஐப்பசி மழையிலும் மூடுபனியிலும் எஸ்டேட்டில் சுற்றுகிறவர்கள் உறையில் வைத்தபடி ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கினால் காலையில் புள்ளி வைத்திருக்கும். ராத்திரி வெளியே எடுத்து வையுங்கள். ஆரஞ்சோ மாங்காயோ நறுக்கிவிட்டுத் துடைக்காமல் மடக்கிவிடுவது அடுத்த காரணம், சாறு மூட்டுக்குள் தங்கி வேலை காட்டும். கொலுசுப் பட்டறைக்காரர்கள் அமிலம் வைத்திருக்கும் அறையில் மல்டிடூலைத் திறந்து வைக்காதீர்கள். நீர்த்தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் போட்ட கையோடு தொட்டிருந்தால் அன்றே கழுவிவிடுங்கள்.

## பிளேடின் பூட்டு நிற்கவில்லை

இதுவரை சொன்னதெல்லாம் ஆற அமரப் பார்க்கலாம். இது அப்படியல்ல. பூட்டு வழுக்கிக் கத்தி மடங்கினால் போவது விரல். சந்தேகம் வந்த நிமிடமே அந்தப் பிளேடை உபயோகிப்பதை நிறுத்துங்கள்.

சோதனை இப்படி: பிளேடைத் திறந்து, பூட்டு விழும் சத்தம் கேட்கிறதா பாருங்கள். கைப்பிடியை, பிளேடு மடங்கினாலும் விரலில் படாதபடி இரண்டு பக்கங்களிலிருந்து பிடியுங்கள். பிளேடின் முதுகை, கூர்ப்பக்கம் அல்ல, மர மேசையில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். தட்ட வேண்டாம், அழுத்தம் மட்டும். அசையாமல் நிற்க வேண்டும்.

வழுக்குகிறது என்றால் ஒரே ஒரு காரியம் மட்டும் நீங்கள் செய்யலாம்: பூட்டுத் தகடு வந்து உட்காரும் பள்ளத்தைப் பல்குச்சியால் சுத்தம் செய்வது. பஞ்சோ மண்ணோ பிசினோ ஒரு நூல் கனம் இருந்தாலே தகடு முழுக்க உட்காராது. சுத்தம் செய்து, அந்த முகத்தில் எண்ணெய் இல்லாமல் துடைத்து, மறுபடி சோதியுங்கள். நின்றால் சந்தோஷம்.

நிற்கவில்லை, அல்லது தகடு பிளேடின் அடிப்பகுதியில் ஓரமாக மட்டும் தொடுகிறது, அல்லது மறுபக்கச் சுவர்வரை தாண்டிப் போய் நிற்கிறது என்றால் தேய்ந்துவிட்டது. தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் உள்ளே நெம்பி வளைத்தால் சரியாகும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். ஒரு வாரம் நிற்கும். அதற்குள் நீங்கள் அதை நம்பத் தொடங்கியிருப்பீர்கள், ஆபத்தே அங்கேதான். உத்தரவாதம் இருந்தால் அனுப்புங்கள். இல்லாவிட்டால் பிளேடை மடக்கி டேப் சுற்றிவிட்டு மற்றக் கருவிகளை மட்டும் உபயோகியுங்கள். லேத் பட்டறையில் இதற்கு வேலை இல்லை.

கட்டையைப் பிளக்க பிளேடின் முதுகில் சுத்தியால் அடிப்பவர்களிடம்தான் இந்தக் கோளாறு அதிகம். கவாத்துக்குக் கத்தி தனியாக இருக்கிறது, அதை எடுங்கள்.

## கூர் போய்விட்டது

சாணைக்கல்லில் நீங்களே தீட்டிக்கொள்வது நல்லது. 400 கிரிட் (கல்லின் சொரசொரப்பு எண்; எண் கூடினால் கல் மெல்லியது) கல்லில் ஆரம்பித்து 1000ல் முடியுங்கள், அன்றாட வேலைக்கு அதற்குமேல் தேவையில்லை. பக்கத்துக்கு 20 டிகிரி போதும். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம்: பிளேடு 15 மி.மீ. அகலம் என்றால் முதுகைக் கல்லிலிருந்து சுமார் 5 மி.மீ. தூக்கிப் பிடித்தால் அந்தக் கோணம் வந்துவிடும். கோணம் சரியா என்று பார்க்க, கூர் விளிம்பில் கறுப்பு மார்க்கரால் பூசிவிட்டு நாலு இழுப்பு இழுங்கள். மை முழு விளிம்பிலும் அழிந்தால் சரி. மேலே மட்டும் அழிந்தால் முதுகை இன்னும் தூக்குங்கள், நுனி விளிம்பில் மட்டும் அழிந்தால் தாழ்த்துங்கள்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா? அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அவர் போதும். மெல்லிய பிளேடு சக்கரத்தில் சட்டென்று சூடேறும். விளிம்பில் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் கடினம் போயிற்று, எத்தனை தீட்டினாலும் இரண்டு நாளில் மழுங்கும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் நின்று, "ஒவ்வொரு தொடுக்கும் தண்ணியில முக்கிக்கங்க அண்ணா" என்று சொல்லிவிடுங்கள். ரம்பப்பல் உள்ள பகுதியைத் தொடவே விடாதீர்கள்.

முனை உடைந்திருந்தால் கூர்ப்பக்கத்தைத் தேய்க்காமல் முதுகுப்பக்கத்தைக் கீழே இறக்கிப் புது முனை எடுக்க வேண்டும். அரை சென்டிமீட்டருக்குமேல் உடைந்திருந்தால் சர்வீஸ்.

## ஸ்க்ரூ டிரைவர் வழுக்குகிறது

முனை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கும் முன் ஸ்க்ரூவைப் பாருங்கள். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பைக்குகளின் சைடு கவர் ஸ்க்ரூவில் இருக்கும் ஸ்டார் தலை (பிளஸ் குறி போன்றது) நம் சாதாரண ஸ்டாரிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. மல்டிடூல் முனை அதில் முழுக்க இறங்காது. ஒரு முறை வழுக்கினால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள், அவரிடம் தட்டிக் கழற்றும் இம்பாக்ட் டிரைவர் இருக்கும்.

பட்டை முனை உருண்டு போயிருந்தால் மெல்லிய அரத்தால் முகத்தைச் சமமாகத் தேய்த்துக்கொள்ளலாம். முறுகியிருந்தால் விட்டுவிடுங்கள்.

## கத்தரி திறந்துகொள்ளவில்லை

ஸ்பிரிங் போயிருக்கும். சுவிஸ் கத்திகளில் இது கண்ணுக்குத் தெரிகிற சின்னத் தகடு, தனியாக விற்கிறார்கள், மாடலின் நீளத்தைச் சொல்லி வாங்க வேண்டும். 58 மி.மீ. கத்திக்கும் 91 மி.மீ. கத்திக்கும் வேறு வேறு. மூக்குக் கண்ணாடி கடைக்காரரின் சின்னக் குறடு இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஸ்பிரிங் முழுசாக இருந்தும் கத்தரி மக்கர் பண்ணினால் இரண்டு அலகும் சேரும் இடத்தில் செல்லோடேப் பசை இருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துப் பாருங்கள்.

## கிளிப் பிடிக்கவில்லை, பாக்கெட்டிலிருந்து நழுவுகிறது

மலைப் பாதையில் பைக்கில் வந்து இறங்கிப் பார்த்தால் இருக்காது. கிளிப் ஸ்க்ரூவை இறுக்குங்கள், நீல த்ரெட் லாக் இங்கேயும் ஆகும். ஸ்க்ரூ டைட்டாக இருந்தும் கிளிப் துணியைக் கவ்வவில்லை என்றால் அது விரிந்திருக்கிறது. கழற்றி எடுத்து, மரத்துண்டின்மேல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி உள்பக்கம் வளைக்கலாம். ஒரே தடவையில் வளைத்தால் வளைவில் விரிசல் விடும். விரிசல் விட்டது என்றால் கிளிப்பை மட்டும் தனியாக வாங்கலாம். ஓட்டை வழியாக நைலான் கயிறு கோத்து பெல்ட் லூப்பில் கட்டிக்கொள்வது அதைவிட மலிவு.

கமலாபுரம் விமான நிலையம் வழியாகப் போகிறவர்கள் இதைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடுங்கள்.